7,200 ரூபாய் ஸ்டிரரில் தங்கம் காய்ச்சினோம்: எட்டு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஹாட்பிளேட் மேக்னடிக் ஸ்டிரருக்கு, அதாவது திரவத்தைச் சுடவைத்துக்கொண்டே காந்தத்தால் சுற்றிக் கலக்கும் மிஷினுக்கு, ஐந்துக்கு மூன்றரை மார்க் போடுவேன். அரை மார்க் குறைந்தது கூடவே கொடுத்த பெல்லெட்டுக்காக (திரவத்துக்குள் கிடந்து சுற்றும் காந்தக் கட்டை). மிச்சம் ஒரு மார்க் எங்கே போனது என்பதைப் பைய சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். 23 வருஷம் ஆகிறது. பீக்கர் கழுவுவது, அமிலம் கலந்து வைப்பது, பியூரெட்டில் ஒழுகும் குழாயை மாற்றுவது, உடைத்துவிட்டு ஒளித்துவைக்கும் பையனைக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் என் வேலை. கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர்கள். துடைத்து வைக்கிறவன் எழுதியதை நான் பார்த்ததில்லை.

போன ஆடியில் வாங்கினோம். துறையில் ஒரு மேடம் எம்எஸ்சி பிள்ளைகளுக்குத் தங்க, வெள்ளி நானோதுகள் செய்யும் பிராஜெக்ட் கொடுத்தார். நானோமீட்டரில் அளக்கும் பொடித் துகள், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு நானோமீட்டர். அதற்குச் சூடும் வேண்டும், சுற்றும் வேண்டும். எங்களிடம் இருந்த பழைய ஸ்டிரர் சுற்றும், சுடாது. ஹாட்பிளேட் சுடும், சுற்றாது. ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். அவனை வெளியே அனுப்பிவிட்டு மூன்று கொட்டேஷன் வாங்கினோம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சொன்ன விலையில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வாங்கலாம். கடைசியில் ஜங்ஷன் பக்கம் உள்ள ஒரு கடையில் அம்பாலாவில் செய்தது கிடைத்தது. ஜிஎஸ்டி சேர்த்து 7,200 ரூபாய். குறைத்துக் கேட்டேன். ஆடித் தள்ளுபடி எல்லாம் ஜவுளிக்கடைக்குத்தானாம், சயின்ஸ் கடைக்குக் கிடையாதாம்.

பெட்டியைப் பிரித்தால் தெர்மோகோலுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேலே வட்டத் தட்டு, முன்னால் இரண்டு திருகு. ஒன்று சுற்றுக்கு, ஒன்று சூட்டுக்கு. சூட்டுத் திருகில் 1 முதல் 10 வரை எண் இருக்கிறது. 10 என்றால் எத்தனை டிகிரி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. உள்ளே ஒரு தாளில் வாரண்டி ஒரு வருஷம் என்று அச்சடித்திருந்தது, முத்திரை இல்லை. அதைப் பார்த்ததும் கடைக்குத் திரும்பிப் போய் முத்திரை குத்தி வாங்கிவந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், காரணம் பின்னால் வரும். கடைசியாக ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு பெல்லெட். வெள்ளை டெஃப்லான் போர்த்திய காந்தக் கட்டை, சுண்டுவிரல் நுனி அளவு.

ஸ்டிரருக்கு முன்னால் தங்கத்தைச் சொல்லவேண்டும். எவ்வளவு கொட்டிச் செய்கிறோம் என்று தெரிந்தால்தான் ஒரு 7,200 ரூபாய் மிஷினைப் பார்த்து நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்று புரியும்.

குளோரோஆரிக் அமிலம் என்பது அதன் பெயர். நாங்கள் கோல்டு குளோரைடு என்றுதான் சொல்வோம். ஒரு கிராம், கண்ணாடிக் குப்பியில் வரும். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பொடித்த கற்கண்டு மாதிரி இருக்கும். அந்த ஒரு கிராமில் தங்கம் பாதிதான். மீதி குளோரினும் தண்ணீரும். நகைக்கடையில் அரை கிராம் தங்கம் என்ன விலையோ அதைவிடக் கூடுதலாகவே இதற்குக் கொடுக்கவேண்டியிருந்தது. பில்லைப் பார்த்த அன்று எச்ஓடி (துறைத்தலைவர்) அந்தக் குப்பியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும். திறந்து கொஞ்சம் எடுத்து, மூடி, மறுபடி திறந்து எடை போடு என்றால் நிறுவை சரியாக வராது. இரும்பு ஸ்பேச்சுலாவால் தொட்டால் ஸ்பேச்சுலாமேல் தங்கம் படிந்துவிடும். நம் காசு கரண்டிக்கு முலாம் ஆகிவிடும். அதனால் குப்பியைத் திறந்த அன்றே முழுக் கிராமையும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 100 மில்லி ஆக்கினோம். குப்பியையே மூன்று தடவை அலசி அந்தத் தண்ணீரையும் சேர்த்தேன். ஒரு சதவீதக் கரைசல். பழுப்பு நிறப் பாட்டிலில் ஊற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஒரு தடவை செய்ய இதில் அரை மில்லி போதும். அதை 50 மில்லி ஆக்கினால் 0.01 சதவீதம். ஆக ஒரு கிராமில் 200 தடவை செய்யலாம். எச்ஓடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு இல்லை என்று இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கையில் பட்டால் ஊதாக் கறை, ஒரு வாரம் போகாது. வெள்ளி நைட்ரேட் பட்டால் கறுப்பு. போன செமஸ்டர் எங்கள் லேபில் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

செய்முறை எளிது. பிரின்ஸ்டனில் டர்கெவிச்சும் கூட்டாளிகளும் 1951இல் எழுதி வைத்ததுதான் இன்றைக்கும் நடக்கிறது. தங்கக் கரைசலைத் தளதளவென்று கொதிக்கவைத்து, வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். சிட்ரேட்டே தங்கத்தை உலோகமாக்கும், அதுவே துகள்மேல் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். 1973இல் ஃபிரென்ஸ் என்பவர் சிட்ரேட்டின் அளவைக் கூட்டிக் குறைத்தால் துகளின் பருமன் மாறும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். 50 மில்லிக்கு ஒரு மில்லி ஊற்றினால் 16 நானோமீட்டர். அரை மில்லி என்றால் 41. இன்னும் குறைத்து 0.3 என்றால் 71 சொச்சம். கொடுப்பது குறையக் குறைய வருவது பெரிதாகிறது. எங்கள் வீட்டுச் சம்பளக் கணக்கு இப்படி வேலை செய்தால் நன்றாக இருக்கும்.

ஆக, மிஷினிடம் கேட்பது இரண்டே விஷயம். கொதி நிற்கக்கூடாது, சுற்று நிற்கக்கூடாது.

முதல் தடவை இரண்டாவது நின்றது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் பெல்லெட் துள்ள ஆரம்பித்தது. அடியில் குமிழி கிளம்பும்போது சுற்று வேகம் அதிகமாக இருந்தால் பெல்லெட் கீழே இருக்கும் காந்தத்தின் பிடியை விட்டுவிடும். கண்ணாடியில் டக் டக் என்று தவளை மாதிரி குதிக்கும். ஒரு பெண் சிட்ரேட்டை ஊற்றிய அதே நிமிஷம் அது ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. தங்கம் இவ்வளவு சிறிய துகளானால் கரைசல் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு வரவேண்டிய இடத்தில் மழைக்கால வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் ஊதா. ஃபிளாஸ்க் ஓரமெல்லாம் கறுப்புப் படலம்.

மேடம் வந்து பார்த்தார். "கிளாஸ்வேர் சுத்தமா இல்லண்ணே" என்றார்.

23 வருஷம் கழுவுகிறவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ராஜதிராவகத்தில் கழுவிக் காட்டுகிறேன் என்று மறுநாள் காலையிலேயே வந்தேன். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் கப்போர்டுக்குள் வைத்து, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான். கலந்த கொஞ்ச நேரத்தில் நன்னாரி சர்பத் நிறத்துக்கு வரும். அந்த நெடியை ஒரு தடவை முகர்ந்தவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். அதை மூடி வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கும். எந்தத் தங்கத்தையும் கரைத்துவிடும் என்பதால், முன்னால் செய்தபோது ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத துகளும் இதில் போய்விடும். ஒட்டியிருந்தால் அடுத்த தடவை தங்கமெல்லாம் அதன்மேல்தான் போய்ப் படியும்.

டவுனில் மேல ரத வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். இந்தத் திராவகம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அவரிடம் சொன்னேன். "தங்கத்தக் கரைச்சு, காய்ச்சி, மறுபடியும் தங்கமாக்குதீயளாக்கும்? நாங்க அதத்தாம்வே தெனமும் செய்தோம்" என்றார். சிவப்பாக இருக்கும் அண்ணாச்சி என்றேன். அவர் சிரித்தார். "மஞ்சளா இல்லாதது எப்படிவே தங்கம்?"

நான் கழுவிய ஃபிளாஸ்க்கில் இரண்டாம் தடவை செய்தார்கள். சுற்றைக் குறைத்து வைத்ததால் பெல்லெட் துள்ளவில்லை. நிறம் இந்தத் தடவை ஊதா வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் பெல்லெட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். டெஃப்லானில் அச்சு சேர்ந்த இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு வரி. அந்த வரி நெடுகிலும் கறுப்பாகத் தங்கம் படிந்திருந்தது. குற்றவாளி கையில் சிக்கியது. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்காசில் நல்ல பெல்லெட் இரண்டு வாங்கிக்கொடுத்தார்.

ஆனால் முழுதும் நேர்மையாகச் சொல்லவேண்டும் என்றால் இன்னொன்றும் உண்டு. திராவகத்தில் கழுவியபின் நான் கடைசியாக அலசியது குழாய்த் தண்ணீரில். கல்லூரி போர் தண்ணீர் ஒரே உப்பு. பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொரி. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு கை காட்டியிருந்தேனே தவிர மூன்று தடவை அலசவில்லை. இந்தத் துகள்களுக்கு உப்பு ஆகாது. சிட்ரேட் போர்வையால் ஒவ்வொரு துகளும் எதிர்மின்னோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடும், துகள்கள் கூடிவிடும், சிவப்பு நீலமாகிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பின்னால் நல்ல சிவப்பு வந்தபிறகு, ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்துக் கேன்டீன் உப்பை ஒரு சிட்டிகை போட்டேன். கண் முன்னாலேயே நீலம். அன்றிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் மூன்று தடவை, வாயைத் திறப்பதில்லை.

மூன்றாம் தடவைதான் வந்தது. புது பெல்லெட், சுத்தமான ஃபிளாஸ்க், சூடு 8இல், சுற்று நடுவாக. மேலே ஒரு வாட்ச் கிளாஸ் மூடி. 50 மில்லி கொதிக்க 14 நிமிஷம் ஆனது. மெலிந்த மஞ்சள். சிட்ரேட் ஒரு மில்லி ஊற்றியதும் மஞ்சள் போய் வெறும் தண்ணீர் மாதிரி ஆனது. போச்சு என்று நினைத்தேன். செத்த நேரத்தில் பேனா மையை ஒரு சொட்டு விட்டதுபோல நீலச் சாயல். அது கறுத்து, நாவல்பழச் சாறாகி, பிறகு எங்கிருந்தோ சிவப்பு ஏறியது. திருவிருந்து ஆராதனையில் பாத்திரத்தில் இருக்கும் திராட்சரசத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வருமே, அதே சிவப்பு. பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கட்டும் என்றார் மேடம். மிஷின் மக்கர் பண்ணாமல் நின்றது.

எந்த நிற வெளிச்சத்தைக் கரைசல் அதிகம் விழுங்குகிறது என்று காட்டும் யூவி கருவியில் வைத்தால், உச்சி 521 நானோமீட்டரில், அதாவது பச்சை வெளிச்சத்தில், விழுந்தது. பச்சை வெளிச்சத்தைத் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து குலுங்கி விழுங்கிவிடுகின்றன, மிச்சம் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது என்று மேடம் போர்டில் எழுதினார். லேசர் பாயின்டரை விட்டால் குழாய்க்குள் ஒரு கோடு தெரியும், வெறும் தண்ணீரில் தெரியாது. அந்த ஒரு ஃபிளாஸ்க்கில் எத்தனை துகள் இருக்கும் என்று ஒரு பெண் கேட்க, அதையும் கணக்குப் போட்டார். இரண்டரை மில்லிகிராம் தங்கம், 16 நானோமீட்டர் உருண்டை என்றால் சுமார் அறுபது லட்சம் கோடி. நான் எண்ணிப்பார்க்கப் போவதில்லை, நம்புகிறேன்.

ஃபாரடே 1857லேயே பாஸ்பரஸ் வைத்து இப்படிச் சிவப்புத் தங்கம் செய்தாராம். அந்தப் பாட்டில்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றனவாம். அவருக்கு ஸ்டிரரும் இல்லை, கரண்ட் அடுப்பும் இல்லை. ஆனால் பாட்டில் கழுவிய ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார்.

சரி, மிஷினுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை ஃபிரென்ஸ் அட்டவணையில் நாலு அளவை ஒரே நாளில் செய்தோம். 1, 0.75, 0.5, 0.3 மில்லி. அதில்தான் இதன்மேல் எனக்கு மரியாதை வந்தது. நாலு தடவையும் கொதிக்க எடுத்த நேரம் ஒன்றிரண்டு நிமிஷம்தான் முன்னே பின்னே. நாலு குழாயையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்தால் முதலில் தெளிந்த சிவப்பு, கடைசியில் ஊதா கலந்து லேசாகக் கலங்கியது. தங்கம் மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் டிஜிட்டல் டிகிரி காட்டும் மிஷினுக்குக் காசைக் கொட்டவேண்டாம். கொதிக்கும் தண்ணீருக்கு வெப்பநிலை என்ன என்று கடவுளே எழுதி வைத்துவிட்டார்.

இனி அந்த ஒரு மார்க்.

முதல் குறை, தட்டு ஆற எடுக்கும் நேரம். அணைத்து முக்கால் மணி நேரம் ஆனாலும் தொட முடியாது. சூடாக இருக்கிறது என்று காட்ட ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது. அணைந்துதானே இருக்கிறது என்று நான் கை வைத்தேன். உள்ளங்கையில் வட்டத்தில் கால் பாகம் அச்சு இன்னும் இருக்கிறது. இப்போது "சுடும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இதனால் வேலையும் கெடும். வெள்ளிக்கு ஒரு முறை உண்டு. ஐஸில் குளிரவைத்த சோடியம் போரோஹைட்ரைடு 30 மில்லியில் வெள்ளி நைட்ரேட் 10 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அழகான எலுமிச்சை மஞ்சள் வரும். விட்டு முடித்த உடனே சுற்றை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் கறுத்து, ஊதாவாகி, சாம்பலாகித் திரிந்துவிடும். காலையில் தங்கம் காய்ச்சிய தட்டில் மதியம் ஐஸ் பாத்திரத்தை வைத்தார்கள். கீழே இருந்து ஐஸ் உருகிப் பாத்திரம் மிதக்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே குளிர்ந்த வேலையை முதலில் முடியுங்கள், சுடும் வேலை பிறகு. இதை விளக்கத் தாளில் போட்டிருக்கலாம். அதில் இருந்ததெல்லாம் மூன்று மொழியில் வாழ்த்து.

சுற்று மெதுவாக வேண்டும் என்றாலும் கஷ்டம். திருகை 3 வரைக்கும் திருப்பினால் அசையாது, 3ஐத் தாண்டினால் திடீரென்று பாயும். மேலே திருப்பிச் சுற்றவிட்டு அப்புறம் குறைக்கவேண்டும். பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பெரிய சோதனை ஐப்பசியில் வந்தது. வெள்ளிக்கே இன்னொரு முறை, லீயும் மைசெலும் 1982இல் எழுதியது. 500 மில்லியில் 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட். அதைக் கொதிக்கவைத்து, ஒரு சதவீத சிட்ரேட் 10 மில்லி ஊற்றி, ஒரு மணி நேரம் கொதியிலேயே வைத்திருக்கவேண்டும். அரை லிட்டர் கொதிக்கவே 50 நிமிஷம். அன்று வெளியே நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. வோல்டேஜ் இறங்கும்போது சுற்று தள்ளாடுவதும் ஏறும்போது பாய்வதுமாக இருந்தது. கொதி வந்து நாற்பதாவது நிமிஷம் ரப்பர் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கினேன். வெள்ளி பாதியில் போனது. பச்சை சாம்பலாக வரவேண்டியது கலங்கிய காப்பித் தண்ணீர்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடை அண்ணாச்சி முத்திரை குத்திய தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாரண்டி மோட்டாருக்குத்தான். ஹீட்டருக்குக் கிடையாது."

"போனது எதுன்னு தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

திறந்தார். ஃபியூஸ் போயிருந்தது, மோட்டாருக்குப் போகும் ஒரு வயரின் உறை ஹீட்டர் பக்கம் சாய்ந்து உருகியிருந்தது. "வயரு மோட்டாருக்குள்ளதுதானே?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயரை மாற்றிச் சூடு தாங்கும் உறை போட்டு, ஃபியூஸும் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நாலு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கியது மட்டும்தான் குறை. ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கோங்க என்று சொன்னார். வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்கப்புறம் ஸ்டெபிலைசரோடுதான் ஓடுகிறது, ஒரு தகராறும் இல்லை. ஒரு மணி நேர வெள்ளியும் மார்கழியில் ஒழுங்காக வந்தது. மேலே கண்டென்சர் (ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப இறக்கும் குழாய்) பொருத்திவிட்டால் தண்ணீர் வற்றாது.

மேல்தட்டு ஓரத்துப் பெயின்ட் உரிகிறது, திருகாணிகள் அமில ஆவியில் துருப்பிடித்துவிட்டன. அது எங்கள் தப்பு. ராஜதிராவகம் கலக்கும் கப்போர்டுக்குள் மிஷினை வைத்திருக்கக்கூடாது.

இலைச்சாறு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பூனா தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு வேப்பிலைச் சாற்றில் வெள்ளியும் தங்கமும் செய்து 2004இல் வெளியிட்டது. அதற்கப்புறம் குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் வெள்ளி நைட்ரேட்டில் விழாத செடி இல்லை. நிலவேம்பு, துளசி, முருங்கை, ஆவாரை எல்லாம் எங்கள் லேபிலேயே ஆயிற்று. அந்த வேலைக்கு இந்த மிஷின் தாராளம். மெல்லிய சூட்டில் சுற்றினாலே போதும். ஆனால் பழுப்பானதெல்லாம் நானோ இல்லை பிள்ளைகளே. வெறும் இலைச்சாறும் சூட்டில் பழுக்கத்தான் செய்யும். வெள்ளி போடாத ஒரு பீக்கரைப் பக்கத்தில் வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் உதவியாளன் பேச்சைக் கேட்பதில்லை. யூவியில் வெள்ளித் துகளுக்கு உரிய 420 நானோமீட்டர் பக்கம் உச்சி வராமல் திரும்பியவர்கள் பிறகு வந்து வைத்தார்கள்.

சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் மைனி மகன் ஒருநாள் வந்து, இதுதான் தங்க பற்பமா சித்தப்பா என்று கேட்டான். அது மூலிகைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போட்டு எடுப்பது, இது தண்ணீரில் மிதப்பது, குடித்துவைக்காதே என்று அனுப்பினேன். பூச்சிமருந்து கலந்த தண்ணீரை வெள்ளி நானோதுகளால் சுத்தமாக்கலாம் என்று சென்னை ஐஐடியில் பிரதீப் சார் குழு கண்டுபிடித்து ஃபில்டராகவே வந்ததை மேடம் சொன்னபோதுதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு அடிக்கும் மருந்தெல்லாம் கடைசியில் எங்கே போகிறது? அடுத்த வருஷப் பிராஜெக்ட் அதுதானாம்.

கழிவை யாரையும் தொட்டியில் ஊற்றவிடுவதில்லை. சிவப்பு, ஊதா, நீலம் எல்லாம் ஒரே பாட்டிலில் சேர்கிறது. இதுவரைக்கும் நாற்பது தடவைக்குமேல் செய்தாயிற்று, அதில் தங்கம் 100 மில்லிகிராம் தேறும். ஆசாரி அண்ணாச்சி பார்க்கும்போதெல்லாம், "என்னவே, மூக்குத்திக்காவது சேந்துதா?" என்று கேட்கிறார்.

யார் வாங்கலாம்? கல்லூரி லேப், பாலிடெக்னிக், பள்ளிக்கூடம் தாராளமாக வாங்கலாம். தங்கம், வெள்ளி இரண்டுக்கும் போதும். டிகிரி சுத்தமாகப் பிடித்து வைக்கவேண்டிய வேலை, ராத்திரி முழுக்க ஓடவேண்டிய வேலை என்றால் வேண்டாம். 500 மில்லிக்குமேல் என்றாலும் வேண்டாம்.

வரும் ஆனியில் இரண்டாவது மிஷின் வாங்க அனுமதி வந்திருக்கிறது. அதே கடையில்தான் சொல்லியிருக்கிறேன். கூட வரும் பெல்லெட்டை நீங்களே வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஃபியூஸ் இரண்டு போடுங்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி யோசித்துவிட்டு ஒன்று தருகிறேன் என்றார்.